சாக்கெட்டின் வாயும் ஃபோர்க்கின் மூடியும்

என் மலைச் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்வைத் தாங்கும் இரட்டைக் காலான ஃபோர்க்கில், இடப்பக்க மேல்மூடியை உற்றுப் பார்ப்பவர்களுக்கு, அதன் ஆறு முனைகளில் நான்கு மழுங்கியிருப்பது தெரியும். கறுப்புப் பூச்சு உரிந்து, உள்ளேயிருக்கும் அலுமினியம் வெளுப்பாகத் தெரிகிறது. பாதையில் விழுந்து பட்ட அடி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது என் கையால், சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் சமையலறைக்குப் பின்னால் துணி உலர்த்தும் இடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நேர்ந்தது. அளவு சரியாக இருந்தும் வாய் சரியில்லாத ஒரு 24 மில்லிமீட்டர் சாக்கெட்தான், அதாவது நட்டின் மேல் கவிழ்த்துத் திருப்பும் கருவிதான், அதற்குக் காரணம். அளவு சரியாக இருந்தால் கருவியும் சரியாகத்தான் இருக்கும் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

ஃபோர்க் ராக்ஷாக்ஸ் நிறுவனத்தின் லிரிக். 2016ஆம் ஆண்டு மாடல், 35 மில்லிமீட்டர் மேல்குழாய்கள், 160 மில்லிமீட்டர் அமுக்கம், அதாவது அவ்வளவு தூரம் அமுங்கி எழும். புக்கிட் தீமாவிலும் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவிலும் ஓட்டுபவனுக்கு இத்தனை அமுக்கம் எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. பழைய வண்டியாக மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். விற்றவர் கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார் என்று கேட்டதற்கு, "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று சொன்னார். ராக்ஷாக்ஸின் கையேடு, 50 மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறை, மேல்குழாய்கள் நுழைந்து இறங்கும் கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றவும், 200 மணிநேரத்துக்கு ஒருமுறை காற்றால் எடையைத் தாங்கும் ஏர் ஸ்பிரிங்கையும் அசைவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டேம்பரையும் பிரிக்கவும் சொல்கிறது. ஃபோர்க் செய்யும் இன்னொரு நிறுவனமான ஃபாக்ஸ் தன் ஃபோர்க்குகளுக்கு 125 மணிநேரம் என்கிறது. வாரத்துக்கு நான்கு மணிநேரம் ஓட்டுபவருக்கு முதல் 50 மணிநேரம் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் கடையில் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் சைக்கிள் இல்லாமல் இருப்பதற்குப் பதிலாக நாமே செய்துகொள்ளலாமே என்ற எண்ணத்தில்தான் கருவி தேடத் தொடங்கினேன்.

தேடத் தொடங்கியதும் செய்த முதல் தவறு, எந்த வேலை என்று தீர்மானிப்பதற்கு முன்பே கருவிகளை வாங்கியது. ஃபோர்க் சர்வீஸ் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் கீழ்க்கால், ஏர் ஸ்பிரிங், டேம்பர் என்று மூன்று ஆழங்கள் உண்டு. ஒவ்வோர் ஆழத்துக்கும் வேண்டிய கருவிகள் வேறு. கீழ்க்கால்களை மட்டும் கழற்றி எண்ணெய் மாற்றுவதற்கு மேல்மூடியைத் தொடவே வேண்டியதில்லை. இது அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அந்த நான்கு முனைகளும் இன்று கூர்மையாகவே இருந்திருக்கும். ஆகவே இதைப் படித்துவிட்டுக் கருவி வாங்கக் கிளம்புபவர் முதலில் தன் ஃபோர்க்கின் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. அந்த எண்ணை, ராக்ஷாக்ஸின் தாய் நிறுவனமான ஸ்ராமின் இணையத்தளத்தில் இட்டால் அந்த மாடலுக்குரிய கையேடு கிடைக்கும். ஃபாக்ஸ் என்றால், கீழ்க்காலின் பின்புறம் ஒட்டியிருக்கும் சிறு வில்லையில் நான்கு எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும், அதுவே போதும். ஒரே பெயரில் ஆண்டுக்கு ஆண்டு உள்ளமைப்பு மாறுவதால், பெயரை மட்டும் நம்பிக் கருவி வாங்கக் கூடாது.

கீழ்க்கால் சர்வீஸுக்கு என் ஃபோர்க்கில் உண்மையாகவே தேவைப்பட்டவை கொஞ்சம்தான். காற்றை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் ஒரு ஷாக் பம்ப், ஒரு 5 மில்லிமீட்டர் ஆலன் கீ, ஒரு பிளாஸ்டிக் சுத்தியல், எண்ணெயை அளக்க ஓர் ஊசிக்குழல், நார் உதிராத துணி, ஐசோபுரோபைல் ஆல்கஹால், கிரீஸ், எண்ணெய், வடிவதைப் பிடிக்க ஒரு தட்டு. ஆலன் கீயின் உருண்டைத் தலையை இந்த போல்ட்டுகளில் பயன்படுத்தக் கூடாது. அது கோணத்தில் திருப்புவதற்காகச் செய்யப்பட்டது, இறுகியிருக்கும் போல்ட்டின் குழியை அது வழித்துவிடும். முதலில் காற்றை முழுவதுமாக இறக்கிவிட வேண்டும். காற்று இருக்கும்போது எதையும் கழற்றுவது ஆபத்து. பிறகு இரண்டு கால்களின் அடி போல்ட்டுகளையும் மூன்று நான்கு சுற்று தளர்த்தி, கீயை போல்ட்டின் குழியிலேயே நேராக வைத்து, அதன் மேல் சுத்தியலால் தட்ட வேண்டும். உள்ளே இறுக்கமாக அமர்ந்திருக்கும் தண்டு "டொக்" என்று விடுபடும். கைக்குத் தெரியும், காதுக்கும் தெரியும். இரும்புச் சுத்தியல் வேண்டாம். கீழ்க்கால்கள் மெக்னீசிய வார்ப்பு. குறி தவறிய ஓர் அடி போதும், விரிசல் விடும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அடுக்குமாடியில் சுத்தியலால் தட்டும் ஓசை கீழ்வீட்டுக் கூரையில் நேரடியாக இறங்கும். முதல் முறை இரவு ஒன்பதரைக்குத் தட்டிவிட்டு, மறுநாள் மின்தூக்கியில் கீழ்வீட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இப்போது யோகாப் பாய் ஒன்றை நான்காக மடித்து ஃபோர்க்குக்கு அடியில் வைத்து, பகல் வேளையில் மட்டுமே தட்டுகிறேன்.

அன்று அந்தக் கால்களிலிருந்து வடிந்ததை மறக்க முடியாது. தெளிவாக, மஞ்சள் கலந்து வர வேண்டிய எண்ணெய், காப்பிக்கடையில் ஆற்றித் தரும் பால் தேநீரான தே தாரிக்கின் நிறத்தில், நுரைத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் உள்ளே புகுந்து எண்ணெயோடு கலந்ததன் அடையாளம் அது. நம் ஊரின் ஈரப்பதத்திலும், மழை விட்டவுடன் செம்மண் சேற்றில் ஓட்டிவிட்டு வேகமான நீர்த்தாரையால் கழுவும் நம் பழக்கத்திலும் 50 மணிநேரம் என்பதே தாராளம் என்று அன்றுதான் புரிந்தது.

ஃபாக்ஸ் ஃபோர்க் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பல ஃபாக்ஸ் மாடல்களில் அடியில் போல்ட்டுக்குப் பதிலாக நட்டு இருக்கும். தண்டின் மரைதான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுத்தியலால் நேராகத் தட்டினால் மரை நசுங்கி, நட்டு மீண்டும் ஏறாது. மரையின் மேல் திருகிவைத்துத் தட்டுவதற்கென்றே ஒரு சிறு கருவி விற்கிறார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத உலோகத் துண்டு போல இருக்கும் அதற்கு அவ்வளவு விலையா என்று தோன்றும். வாங்கிவிடுங்கள்.

இனி என் மழுங்கிய மூடிக்கு வருகிறேன். ஏர் ஸ்பிரிங்கைப் பிரிக்க வேண்டுமென்றால் மேல்மூடியைக் கழற்றியாக வேண்டும். லிரிக்கின் மேல்மூடி 24 மில்லிமீட்டர் அறுகோணம். ஆனால் அந்த அறுகோணத்தின் உயரம் மிகக் குறைவு, சில மில்லிமீட்டர்தான். பொதுவாகக் கடைகளில் கிடைக்கும் சாக்கெட்டின் வாயோரம், நட்டின் மேல் எளிதாக வழுக்கி உட்காருவதற்காக உட்புறமாகச் சரித்துச் செதுக்கப்பட்டிருக்கும். உயரமான இரும்பு நட்டில் அந்தச் சரிவால் எந்த நட்டமும் இல்லை. உயரம் குறைந்த அலுமினிய மூடியிலோ, பிடிக்க வேண்டிய பரப்பில் பாதியை அந்தச் சரிவு விழுங்கிவிடும். மீதிப் பாதி முழு விசையையும் தாங்க முடியாமல் சறுக்கும். அதோடு என்னுடையது பன்னிரண்டு முனைச் சாக்கெட் வேறு. நீளக் கைப்பிடி போட்டுத் திருப்பியபோது சாக்கெட் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஒரு மெல்லிய "கிரிச்" கேட்டது, அலுமினியத் தூள் என் விரலில் ஒட்டியிருந்தது.

கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவிடம் அந்த மாலை காட்டினேன். மூடியைப் பார்ப்பதற்கு முன்பே அவர் சாக்கெட்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பி, கட்டை விரலை அதன் வாயில் வைத்து ஒரு சுற்று சுற்றினார்.

"அளவைக் குத்தம் சொல்லாதேடா. வாயைப் பாரு. எல்லாம் சரிஞ்சு கிடக்கு. இது எங்கே போய்ப் பிடிக்கும்?"

சரிவில்லாத வாயுள்ள சாக்கெட்டுகளைச் சில சைக்கிள் கருவி நிறுவனங்கள் தனியாகவே செய்கின்றன. அமெரிக்காவின் அபே பைக் டூல்ஸ் அவற்றில் ஒன்று. தரம் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரே ஒரு சாக்கெட்டுக்காக வெளிநாட்டிலிருந்து அனுப்பும் செலவையும், 400 வெள்ளிக்கு உட்பட்ட இணையக் கொள்முதலுக்கும் 2023 முதல் விதிக்கப்படும் பொருள் சேவை வரியையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு மனம் வரவில்லை. சித்தப்பா அடுத்த சனிக்கிழமை என்னை ஜாலான் புசார் பக்கம் அழைத்துப்போனார். அந்த வட்டாரத்தில் இரும்புக்கடைகள் முன்பு போல் இல்லை. அவற்றில் ஒன்று இன்று இரும்புக்கடைப் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு காப்பி விற்கிறது. மிச்சமிருக்கும் கடைகளில் ஒன்றில், எண்ணெய்ப் பிசுக்கேறிய மரப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த சீன முதியவருக்கும் சித்தப்பாவுக்கும் பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், பேச்சு நடந்தது. ஆறு முனை, மெல்லிய சுவர், குட்டை உயரம், 24. முதியவர் மூன்று பெட்டிகளைக் கிளறி ஒன்றை எடுத்தார். இதன் வாயைச் சாணை பிடித்துத் தட்டையாக்க முடியுமா என்று சித்தப்பா கேட்டதும், "போலே, போலே" (முடியும், முடியும்) என்றபடியே எழுந்தார்.

அவர் சாணை பிடித்த விதம்தான் எனக்குப் பாடம். சாக்கெட்டைச் சாணைக்கல்லில் அழுத்தவில்லை. தொட்டுத் தொட்டு எடுத்து, ஒவ்வொரு முறையும் பக்கத்திலிருந்த தகரக் குவளைத் தண்ணீரில் முக்கினார். இரும்பு நீலம் பாயும் அளவுக்குச் சூடேறினால் அதன் உறுதி போய்விடும் என்று சித்தப்பா என் காதில் சொன்னார். ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் தேய்ந்ததும் சரிவு மறைந்து, அறுகோணத்தின் ஓரம் கத்தி வெட்டியது போல் நேராக நின்றது. வீட்டுக்கு வந்து, தரை ஓட்டின் மேல் உப்புத்தாளை விரித்து, வாயை அதில் வட்டமாகத் தேய்த்துப் பிசிறு நீக்கினேன். சாக்கெட் எட்டு வெள்ளி. சாணைக்கு முதியவர் காசு வாங்கவில்லை. இரண்டு காப்பிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தோம்.

பாதி மழுங்கிய மூடியிலேயே அந்தச் சாக்கெட் இறுக்கமாக உட்கார்ந்தது. இடக்கை உள்ளங்கையால் சாக்கெட்டின் தலையை நேர்கீழாக அழுத்திக்கொண்டு, வலக்கையால் குட்டைக் கைப்பிடியை மெல்ல இழுத்தபோது, மூடி எந்தச் சத்தமும் இல்லாமல் விட்டுக்கொடுத்தது. எத்தனை நல்ல சாக்கெட் ஆனாலும் அந்த உள்ளங்கை அழுத்தம் இல்லையென்றால் சாயும். இதை நான் பார்த்த எந்தக் கருவிப் பெட்டியிலும் எழுதி வைத்திருக்கவில்லை.

அடுத்த தொல்லை, மேல்குழாயின் அடிவாயில் ஏர் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கும் சர்க்கிளிப் என்ற வில் வளையம். மலிவான தொகுப்புகளில் தலையை மாற்றி மாற்றிப் போடும் சர்க்கிளிப் பிளையர் ஒன்று வரும். அதன் நுனி அழுத்தத்தில் வளையும். வளைந்த நுனி வளையத்தின் துளையிலிருந்து நழுவும். நழுவிய வளையமோ நுனியோ ஏர் ஸ்பிரிங் தண்டைக் கீறினால், அந்தக் கீறல் வழியாக இனி எந்நாளும் காற்று கசியும். கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும். இந்த ஒரு கருவியில் மட்டும் நான் சிக்கனம் பார்க்கவில்லை. ஜெர்மனியின் நைப்பெக்ஸ் நிறுவனம் செய்யும் உள்வளையப் பிளையரில், 19 முதல் 60 மில்லிமீட்டர் வரையுள்ள துளைகளுக்கான அளவை வாங்கினேன். அதன் நுனிகள் 1.8 மில்லிமீட்டர் தடிமன். நுனி நேராக இருப்பதையே எடுத்தேன், ஏனென்றால் நடுவில் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும்போது வளைந்த நுனி அதன்மேல் உரசுகிறது.

வளையத்தை மீண்டும் போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தகட்டிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டதால் சர்க்கிளிப்பின் ஒரு முகத்தின் ஓரம் கூர்மையாகவும் மறுமுகத்தின் ஓரம் சற்று உருண்டும் இருக்கும். கூர்மையான முகம் பிளையரை, அதாவது நம்மை, நோக்கியிருக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. நகத்தால் ஓரத்தை வருடினாலே எது எது என்று தெரிந்துவிடும். காடியில் உட்கார்ந்த பிறகு பிளையரால் வளையத்தை முன்னும் பின்னும் சுழற்றிப் பார்ப்பேன். தடையின்றிச் சுழன்றால்தான் முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. எங்காவது சிக்கினால் மறுபடியும் கழற்றுவேன். காற்றழுத்தம் முழுவதையும் தடுத்து நிறுத்துவது இந்த மெல்லிய வளையம்தான் என்பதால் இங்கே சோம்பலுக்கு இடமில்லை.

இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் விஷயத்தில் எனக்கு ஒரு சிறு மனக்குறை உண்டு. அடி போல்ட்டுகளுக்குக் கையேடு சொல்வது 7.3 நியூட்டன் மீட்டர், மேல்மூடிக்கு 28. சைக்கிளுக்கென்று விற்கும் சிறிய ரெஞ்ச் பெரும்பாலும் 24 அல்லது 25 வரைதான் போகும். 28ஐ எட்டும் அடுத்த அளவு ரெஞ்ச் 10இலிருந்து தொடங்குவதால் 7.3ஐக் காட்டாது, காட்டினாலும் அளவுகோலின் அடிவிளிம்பில் அந்தக் கணக்கை நம்ப முடியாது. ஆகவே ஒன்று போதாது. நான் சிறியதை வாங்கினேன், பெரியதைச் சித்தப்பாவிடமிருந்து கடன் வாங்குகிறேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சிறியதை வாங்குங்கள். அடி போல்ட்டை அதிகமாக முறுக்கினால் உடைந்தே போகும். மேல்மூடிக்கு ரப்பர் ஓ வளையம்தான் காற்றை அடைக்கிறது என்பதால் அங்கே கொஞ்சம் முன்பின் ஆனாலும் கதை முடிந்துவிடாது. அடி போல்ட்டுகளின் நசுங்கு வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவது நல்லது. ஒருமுறை நசுங்கியது இரண்டாம் முறை அடைக்காமல், மறுநாள் காலை ஃபோர்க்கின் காலடியில் ஒரு சொட்டு எண்ணெய் நிற்கும்.

நிறுவனங்கள் விற்கும் கருவிகளில் நான் வாங்காமல் விட்டவையும் உண்டு. தூசு உள்ளே புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான தூசு சீலைப் புதிதாக உள்ளே இறக்க ஒவ்வொரு குழாய் அளவுக்கும் தனி அச்சு விற்கிறார்கள். என் 35க்கு, கழற்றிய பழைய சீலைக் கவிழ்த்துப் புதியதன் மேல் வைத்து, அதன் மேல் சீலின் வெளியோரத்துக்குப் பொருந்தும் ஒரு துண்டு பிவிசி குழாயை நிறுத்தி, சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டுகிறேன். குழாயின் வெட்டுமுகம் சதுரமாக இருக்க வேண்டும். கோணலாக அறுத்த குழாய் சீலைக் கோணலாகவே இறக்கும். பழைய சீலைப் பெயர்க்க உளி போன்ற திருப்புளி வேண்டாம். பெரிய ஸ்பேனரின் வாயைச் சீலுக்கு அடியில் கொடுத்து, ஓரத்தில் துணி வைத்து நெம்பினால் மெக்னீசியத்தில் வடு விழாது. சீலுக்கு அடியில் இருக்கும் பஞ்சு வளையத்தை எண்ணெயில் நன்றாக ஊறவைத்துப் போட்டால் மேல்குழாய் வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் அளக்கும் ஊசிக்குழல் மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 10 மில்லிலிட்டர் குழல்தான். வாங்கும்போது மருந்தாளர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்; சைக்கிளுக்கு என்றேன்.

டேம்பரை நான் பிரிப்பதில்லை. தண்டைக் கீறாமல் இறுக்கிப் பிடிக்கும் மென்தாடை வைஸ், காற்றுக் குமிழி நீக்கும் குழல்கள், அதற்கென்ற முனைகள் எல்லாம் சேர்ந்தால் ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் வேலைக்கு வீட்டில் ஒரு பட்டறையையே வைக்க வேண்டும். எங்கள் நடைபாதையில் அதற்கு இடமும் இல்லை. குடிமைத் தற்காப்புப் படையின் விதிப்படி 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும், என் சைக்கிள் நிற்பதே அந்த விதிக்குப் பயந்துகொண்டுதான். 200 மணிநேரம் ஆனதும் ஃபோர்க்கைக் கடைக்குக் கொண்டுபோகிறேன்.

கழித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. ஒரு பழைய மைலோ டின்னில் சேர்த்துவைத்து, கார்ப் பட்டறை நடத்தும் உறவினரிடம் கொடுக்கிறேன். அவர்களிடம் கழிவெண்ணெய் எடுக்க ஆள் வருகிறது. பிளையரையும் சாணை பிடித்த சாக்கெட்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருக்கிறேன். சாணை பட்ட வாயில் பூச்சு இல்லை. ஒரு மழைக்காலம் வெளியே கிடந்தால் துரு ஏறிவிடும்.

போன வாரம் புலாவ் உபினில், கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவில் ஓட்டிவிட்டுப் படகுக்குக் காத்திருந்தபோது, நண்பர் தன் ஃபாக்ஸ் 34 காற்று இறங்குகிறது என்றார். அதன் மூடி 26 மில்லிமீட்டர். என் 24ஐ வைத்துத் திறந்துவிடலாமா என்று கேட்டார். என் ஃபோர்க்கின் இடப்பக்க மூடியைக் காட்டினேன். சனிக்கிழமை ஜாலான் புசார் போகிறோம். சித்தப்பாவும் வருகிறார், முதியவருக்குக் காப்பியில் சர்க்கரை குறைவாக வேண்டும் என்பது அவருக்குத்தான் நினைவிருக்கிறது.